இந்திய-சோவியத் பொருளாதார ஒத்துழைப்பும் நெய்வேலியும்

இந்திய-சோவியத் பொருளாதார ஒத்துழைப்பு என்பது 1953ஆம் ஆண்டின் வணிக உடன்பாட்டில் தொடங்கி, 1991இல் சோவியத் ஒன்றியம் கலையும் வரை இரு நாடுகளுக்கும் இடையே நிலவிய வணிக, கடனுதவி, தொழில்நுட்ப உறவு ஆகும். தமிழ்நாட்டில் இவ்வுறவின் முதற் பெரும் விளைவு நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையம் ஆகும். 600 மெகாவாட் திறன் கொண்டிருந்த இந்நிலையம் 1962 முதல் 1970 வரை படிப்படியாகக் கட்டப்பட்டு, 2020 வரை இயங்கியது. விழுப்புரமும் திண்டிவனமும் வட்டத் தலைநகரங்களாக அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நெய்வேலி அமைந்திருந்தது. 1993இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரமும் திண்டிவனமும் புதிய விழுப்புரம் மாவட்டத்திலும், நெய்வேலி கடலூர் மாவட்டத்திலும் சேர்ந்தன.

இந்நிலையத்தின் இயந்திரங்களுக்கு இந்தியா டாலரோ பவுண்டோ செலுத்தவில்லை, ரூபாயே செலுத்தியது. அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் ஒன்றியம் இந்தியாவிலேயே தேயிலை, தோல், முந்திரிப் பருப்பு முதலிய சரக்குகளை வாங்கிக்கொண்டது. எனவே இதனை ஒரு மின்நிலையத்தின் வரலாறாக மட்டுமன்றி, அயல்நாட்டுச் செலாவணி இல்லாத ஒரு நாடு மின்சாரத்தை எவ்வாறு விலைக்கு வாங்கியது என்பதன் வரலாறாகவும் கொள்ளலாம்.

நிலவியல் பின்னணி

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி எனப்படும் லிக்னைட் ஆகும். இது முழுமையாகக் கரியாகாத, ஈரம் மிகுந்த எரிபொருள். தோண்டி எடுக்கும்போது இதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி வெப்பமே கிடைக்கும். நெடுந்தொலைவு ஏற்றிச் சென்றால் நீருக்குத்தான் வண்டிக்கூலி கொடுத்ததாகும். ஆகவே சுரங்க வாயிலிலேயே எரித்து மின்சாரமாக மாற்றி அனுப்புவதே இலாபமானது.

இப்படிவு கடலூர் மணற்கல் எனப்படும் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதி வடக்கே புதுச்சேரியைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர்ப் பகுதி வரை பரந்துள்ளது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள திருவக்கரையில் காணப்படும் கல்லான மரங்கள் இதே பாறைத் தொகுதியில் புதைந்திருந்தவையே. நெய்வேலிக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாயிருந்த புதுச்சேரியின் பாகூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிக்னைட் இருப்பது அறியப்பட்டிருந்தது.

நெய்வேலியில் 1930களில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததை நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்து, பெரும் படிவு இருப்பதை உறுதிசெய்தது.

படிவு இருந்தும் உடனே எடுக்க இயலாமைக்கு நீரே காரணம். லிக்னைட் அடுக்கின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலிருக்கும் மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அந்நீர் பீறிடும். சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே தோண்ட முடியும். லிக்னைட்டை எடுக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு லிக்னைட் வேண்டும். இச்சிக்கலால்தான் சுரங்கமும் மின்நிலையமும் ஒரே திட்டமாக வகுக்கப்பட்டன.

சென்னை மாநிலத்தின் மின் பற்றாக்குறை

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் பைக்காரா, மேட்டூர், பாபநாசம் ஆகிய நீர்மின் நிலையங்களிலிருந்து வந்தது. பருவமழை பொய்த்தால் மின்வெட்டு வந்தது. மாநிலத்தில் நல்ல நிலக்கரி இல்லை. வங்காள, பீகார்ச் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியிலும் கப்பலிலும் கொண்டுவர வேண்டியிருந்தது. கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் மேற்கொள்ளப்பட்டதும் இக்காலத்திலேயே.

தென்னார்க்காட்டின் வடபகுதியில் தேவை வேறுவகையில் வளர்ந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் வற்றாத ஆற்றுப் பாசனம் கிடையாது. ஏரிகளும் கிணறுகளுமே உழவுக்கு ஆதாரம். மல்லாட்டை என இவ்வட்டாரத்தில் வழங்கும் நிலக்கடலை முதன்மையான மானாவாரிப் பயிர். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. வகைகளின் பெயரில் அவ்வூரின் பெயரே அடங்கியுள்ளது. கவலை ஏற்றம் பூட்டி மாட்டைக்கொண்டு நீர் இறைத்த கிணறுகளில் மின் இறைப்பான் வந்தபோது, மானாவாரி நிலங்களில் ஒரு பகுதி நெல்லும் கரும்பும் விளையும் நிலமாயிற்று. இதற்குத் தேவையான மின்சாரத்தை நீர்மின் நிலையங்கள் மட்டும் தர இயலாது என்பது 1950களின் நடுவிலேயே தெளிவாகியிருந்தது.

முதலமைச்சர் காமராசரின் அரசு நெய்வேலித் திட்டத்தை நடுவண் அரசிடம் விடாது வலியுறுத்தியது. பிரித்தானியாவின் பவல் டப்ரின் நிறுவனம் ஆய்வறிக்கை தந்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

உடன்பாடும் கடனும்

1955 பிப்ரவரியில் பிலாய் எஃகு ஆலைக்கான உடன்பாடு இந்திய-சோவியத் தொழில் ஒத்துழைப்பின் முதற்படியாக அமைந்தது. அவ்வாண்டு சூனில் நேரு சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றார். ஆண்டின் இறுதியில் குருசேவும் புல்கானினும் இந்தியா வந்து, சென்னைக்கும் வருகை தந்தனர்.

1957இல் இந்தியா கடும் அயல்நாட்டுச் செலாவணி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. போர்க்காலத்தில் இலண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியால் விரைந்து கரைந்தது. இந்நிலையில் அவ்வாண்டு நவம்பரில் சோவியத் ஒன்றியம் 50 கோடி ரூபிள் கடன் வழங்க உடன்பட்டது. அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 60 கோடி ரூபாய். வட்டி 2.5 விழுக்காடு, 12 ஆண்டுத் தவணைகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். ராஞ்சி கனரகப் பொறி ஆலை, துர்காபூர் சுரங்கப்பொறி ஆலை, கோர்பா நிலக்கரித் திட்டம் ஆகியவற்றோடு நெய்வேலி அனல்மின் நிலையமும் இக்கடனில் அடங்கியது.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் நெய்வேலி ஒரு விந்தையான இடமாக இருந்தது எனலாம். ஆய்வறிக்கை பிரித்தானியருடையது, சுரங்கத்தின் வாளிச் சக்கர அகழ்பொறிகள் மேற்கு செருமனியிலிருந்து வந்தவை, அவை தோண்டித் தந்த லிக்னைட்டை எரித்த கொதிகலன்களும் சுழலிகளும் சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்டவை. இரு முகாம்களின் பொறிகளும் ஒரே கடத்துப் பட்டையின் இரு முனைகளில் வேலை செய்தன.

ரூபாய் வணிகம்

இந்திய-சோவியத் வணிகத்தின் தனித்தன்மை அதன் கட்டண முறை ஆகும். 1953 திசம்பர் 2 அன்று கையெழுத்தான ஐந்தாண்டு உடன்பாடு ரூபாயில் கணக்கு வைக்க வழிசெய்தது. எனினும் மிச்சத்தை ஸ்டெர்லிங்காக மாற்றிக்கொள்ள இடமிருந்தது. 1958 நவம்பரில் ஏற்பட்ட புதிய உடன்பாடு அந்த வாயிலையும் அடைத்தது. அதன்பின் எல்லாக் கொடுக்கல் வாங்கலும், வேறு நாணயமாக மாற்ற இயலாத இந்திய ரூபாயிலேயே நடந்தன.

இதன் செயற்பாடு எளிமையானது. இந்தியா தன் கடன் தவணையை இந்தியாவிலுள்ள சோவியத் கணக்கில் ரூபாயாகச் செலுத்தும். அந்த ரூபாயை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ செலவிட இயலாது. ஆகவே சோவியத் நிறுவனங்கள் அதனைக் கொண்டு இந்தியச் சரக்குகளை வாங்கியே தீரவேண்டும். கடன் கொடுத்தவரே கடனாளியின் வாடிக்கையாளராகவும் ஆக வேண்டிய கட்டாயத்தை இம்முறை ஏற்படுத்தியது.

தமிழ்நாட்டில் இதன் பயன் நெய்வேலியோடு நிற்கவில்லை. நீலகிரித் தேயிலைக்குச் சோவியத் ஒன்றியம் பெரும் சந்தையாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்கள் பதனிட்ட தோலையும் காலணி மேற்பாகங்களையும் அனுப்பின. இந்திய முந்திரிப் பருப்பைப் பெருமளவில் வாங்கிய நாடுகளுள் சோவியத் ஒன்றியமும் ஒன்று. முந்திரி விளையும் பண்ருட்டி, விழுப்புரத்திலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் சாலையிலேயே உள்ளது. மாஸ்கோவில் அச்சிடப்பட்ட தமிழ் நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மிகக் குறைந்த விலையில் கிடைத்ததையும் இவ்வணிகத்தின் துணைவிளைவாகக் கூறலாம்.

இம்முறைமீது குறைகளும் கூறப்பட்டன. ரூபாய்க்கு வாங்கிய இந்தியச் சரக்குகளுள் சில மூன்றாம் நாடுகளில் டாலருக்கு மறுவிற்பனை செய்யப்பட்டதாகவும், அதனால் இந்தியா தன் சொந்தச் சந்தையையே இழந்ததாகவும் பொருளியலாளர் சிலர் கருதினர். போட்டியில்லாத சந்தைக்குப் பழகிய உற்பத்தியாளர்கள் தரத்தில் அக்கறை காட்டவில்லை என்பது மற்றொரு குறை. 1966 சூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. கடன் உடன்பாடுகள் ரூபாயைத் தங்கத்தின் மதிப்போடு பிணைத்திருந்தன. ஆகவே எஞ்சிய கடனின் ரூபாய் மதிப்பு ஒரே நாளில் 57.5 விழுக்காடு உயர்ந்தது. அதே அளவு கடனைத் தீர்க்கக் கூடுதலான தேயிலையும் தோலும் தேவைப்பட்டன. ரூபாயில் செலுத்துவதால் நாணய மாற்று இடர் இல்லை என்ற எண்ணம் முற்றிலும் சரியன்று என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

கட்டுமானமும் இயக்கமும்

நான்காண்டுகள் மண் அகற்றிய பின்னர், 1961 ஆகஸ்டில் லிக்னைட் அடுக்கு கண்ணில் பட்டது. கடலூர் மணற்கல் எதிர்பார்த்ததைவிடக் கடினமாயிருந்ததால் அகழ்பொறிகளின் வாளிப் பற்கள் விரைவில் தேய்ந்தன. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திய பின்னரே அகழ வேண்டியதாயிற்று. ஒரு தொன் லிக்னைட்டுக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருந்தது.

1962 மே மாதத்தில் முதல் 50 மெகாவாட் அலகு இயங்கத் தொடங்கியது. சோவியத் பொறியாளர்கள் நெய்வேலியில் தங்கி நிறுவற்பணியை மேற்பார்வையிட்டனர். முதலில் 250 மெகாவாட்டாகத் திட்டமிடப்பட்ட நிலையம், பின்னர் 400 ஆகவும் இறுதியில் 600 மெகாவாட்டாகவும் விரிவாக்கப்பட்டது. ஆறு 50 மெகாவாட் அலகுகளும் மூன்று 100 மெகாவாட் அலகுகளும் கொண்ட முழு நிலையம் 1970 செப்டம்பரில் நிறைவுற்றது. லிக்னைட்டை எரித்து மின்சாரம் ஆக்கிய முதல் தெற்காசிய நிலையம் இதுவே.

இங்கு உற்பத்தியான மின்சாரம் முழுவதும் 1957இல் அமைக்கப்பட்ட மாநில மின்வாரியத்துக்கே விற்கப்பட்டது. நடுவண் அரசின் பிற மின்நிலையங்களைப்போல் பல மாநிலங்களுக்குப் பங்கிடப்படவில்லை. லிக்னைட்டிலிருந்து யூரியா உரமும், லெக்கோ என்ற பெயரில் புகையற்ற அடுப்புக்கரியும் நெய்வேலியில் தயாரிக்கப்பட்டன. தமிழக நகரங்களின் உணவு விடுதிகளிலும் வீடுகளிலும் லெக்கோ பெரிதும் புழங்கியது. இவ்விரு ஆலைகளும் பின்னர் மூடப்பட்டன.

விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் செல்லும் சென்னை மீட்டர் பாதையில் இம்மாற்றம் கண்கூடாகத் தெரிந்தது. தாம்பரம் வரை மட்டும் இருந்த மின்மயம் 1960களின் நடுப்பகுதியில் விழுப்புரம் சந்திப்பு வரை நீட்டிக்கப்பட்டது. சப்பானில் செய்யப்பட்ட மின் இழுபொறிகள் நீராவி இழுபொறிகளின் இடத்தில் ஓடலாயின. இந்தியாவில் மீட்டர் பாதையில் இவ்வாறு நெடுந்தொலைவு மின்மயமான தடம் இது ஒன்றே. இத்தடத்துக்கு மின்சாரம் மாநில மின் கட்டமைப்பிலிருந்து வந்தது. அக்கட்டமைப்பின் அனல்மின் உற்பத்தியில் பெரும்பங்கு நெய்வேலியுடையது. வடநாட்டு நிலக்கரியை நம்பியிருந்த தடம், மாவட்டத்துக்குள்ளேயே தோண்டிய கரியின் ஆற்றலையும் பெற்று ஓடியது. 2000களில் அகலப்பாதை அமையும் வரை இவ்விழுபொறிகள் பயன்பட்டன.

நிலமும் நீரும்

மின்சாரத்தின் பயன் மாநிலம் முழுவதும் பரவியது. அதற்கான நிலத்தையோ சுரங்கத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் மட்டுமே கொடுத்தன. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டுதோறும் முன்னோக்கி நகரும் அது வயலையும் வீட்டையும் கோயிலையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நிலம் தந்தவர்களுக்குப் போதிய இழப்பீடும் நிலையான வேலையும் கிடைக்கவில்லை என்பது தலைமுறைகள் கடந்து நீடிக்கும் குறை. சோவியத் உடன்பாடுகள் இயந்திரத்தின் விலையையும் வட்டியையும் தவணையையும் வரையறுத்தன. நிலத்தின் விலையோ அவற்றில் அடங்காது, உள்நாட்டு நிலமெடுப்புச் சட்டத்துக்கு விடப்பட்டது.

2023 சூலையில் சுரங்கக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயல்களில் மண்வெட்டும் பொறிகள் இறக்கப்பட்டன. இதனை எதிர்த்து, திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வாழும் ச. இராமதாசு நிறுவிய பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய போராட்டம் வன்முறையில் முடிந்தது. பயிர் அழிந்த உழவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரின் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் வேளாண்மைக்கும் பயன்படுகிறது. எனினும் பல பதிற்றாண்டுகள் இடைவிடாது இறைத்ததால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரின் அழுத்தம் பெரிதும் குறைந்தது. தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் பலவற்றில் இன்று இறைப்பான் இன்றி நீர் வருவதில்லை.

சோவியத் ஒன்றியத்தின் கலைவுக்குப் பின்

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ரூபாய் வணிகமும் நின்றுபோயிற்று. நீலகிரித் தேயிலையும் வடார்க்காட்டுத் தோலும் தம் முதன்மை வாடிக்கையாளரைத் திடீரென இழந்தன. நிலுவையில் இருந்த கடனை எந்த மாற்று விகிதத்தில் கணக்கிடுவது என்பது பெரும் பூசலாயிற்று. ரூபிளின் மதிப்பு சரிந்துகொண்டிருந்ததால் சந்தை விகிதம் இந்தியாவுக்கும், பழைய அலுவல்முறை விகிதம் ரஷ்யாவுக்கும் இலாபமாயிருந்தது. 1993 சனவரியில் அதிபர் எல்ட்சின் இந்தியா வந்தபோது உடன்பாடு ஏற்பட்டது. கடனில் 63 விழுக்காட்டை 12 ஆண்டுகளில் வட்டியுடனும், எஞ்சிய 37 விழுக்காட்டை 45 ஆண்டுகளில் வட்டியின்றியும் செலுத்துவதென முடிவாயிற்று. செலுத்தும் ரூபாயைக் கொண்டு ரஷ்யா இந்தியச் சரக்குகளை வாங்கும் பழைய முறையே இதிலும் தொடர்ந்தது.

ஆற்றல் துறையில் ஒத்துழைப்பு தெற்கே கூடங்குளத்துக்கு நகர்ந்தது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் கையெழுத்திட்ட அணுமின் உடன்பாடு, ஒன்றியத்தின் கலைவால் கிடப்பில் விழுந்து, 1998இல் புதுப்பிக்கப்பட்டது. 1,000 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு, இடிந்தகரை மக்களின் நீண்ட எதிர்ப்புப் போராட்டத்துக்கிடையே 2013 அக்டோபரில் மின் கட்டமைப்பில் இணைக்கப்பட்டது. இரண்டாம் அலகின் வணிக உற்பத்தி 2017இல் தொடங்கியது. மேலும் நான்கு அலகுகளின் கட்டுமானம் 2017க்கும் 2021க்கும் இடையே தொடங்கப்பட்டது. 2019 செப்டம்பரில் சென்னை-விளாதிவசுத்தோக்கு கடல்வழித் தடத்துக்கான விருப்ப ஆவணம் கையெழுத்தானது.

உக்ரைன் போருக்குப் பின் இரு நாட்டு வணிகம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. 2021-22இல் ஏறத்தாழ 1,310 கோடி டாலராக இருந்த மொத்த வணிகம், 2024-25இல் 6,870 கோடி டாலரைத் தொட்டது. இதில் இந்தியாவின் ஏற்றுமதி 500 கோடி டாலருக்கும் குறைவு. பெரும்பகுதி ரஷ்யக் கச்சா எண்ணெய் இறக்குமதியே. மேற்கு நாடுகளின் தடைகளால் டாலரில் செலுத்துவது கடினமானபோது, 2022 சூலையில் இந்திய ரிசர்வ் வங்கி அயல்வணிகத்தை ரூபாயில் தீர்க்க வழிமுறை வகுத்தது. ஆனால் வாங்குவதற்குப் போதிய இந்தியச் சரக்கு இல்லாமல், செலவழிக்க இயலாத ரூபாய் பெருந்தொகை இந்திய வங்கிகளில் தேங்கிக் கிடப்பதாக ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கெய் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் குறிப்பிட்டார். 1960களில் தேயிலையும் தோலும் முந்திரியும் நிரப்பிய இடம் இம்முறை நிரம்பவில்லை.

இன்றைய நிலை

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016இல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. முதலாம் அனல்மின் நிலையத்தின் அலகுகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, 2020 செப்டம்பரில் எஞ்சியவையும் ஓய்ந்தன. 25 அல்லது 30 ஆண்டு ஆயுள் கொண்டவையாகக் கருதப்படும் இத்தகைய பொறிகள், புதுப்பித்தலின் துணையோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன.

அதற்கு மாற்றாக, இரண்டு 500 மெகாவாட் அலகுகள் கொண்ட நெய்வேலி புதிய அனல்மின் நிலையம் கட்டப்பட்டது. முதல் அலகு 2019 திசம்பரிலும் இரண்டாவது 2021 பிப்ரவரியிலும் செயற்பாட்டுக்கு வந்தன. இதன் கொதிகலன்களையும் சுழலிகளையும் பாரத மிகுமின் நிறுவனம் வழங்கியது. அந்நிறுவனத்தின் திருச்சி ஆலை செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியாலும், அரித்துவார் ஆலை சோவியத் உதவியாலும் 1960களில் நிறுவப்பட்டவை ஆகும்.